நமுனுகுலக் குளிரில் தங்கமீன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பதுளையிலோ பண்டாரவளையிலோ மீன்தொட்டி வாங்கப் போனால், "உங்க பக்கம் குளிர் கூட, ஹீட்டர் போடாட்டி மீன் நிக்காது" என்று சொல்லி ஒரு ஹீட்டரையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். குப்பிக்கும் ஃபைட்டருக்கும் அது சரியான பேச்சு. தங்கமீனுக்கு அல்ல. தங்கமீன் கெண்டைக் குடும்பம். சீனாவில் சொங் அரசர் காலத்திலேயே, அதாவது 960க்கும் 1279க்கும் இடையில், குளங்களில் பழக்கி வளர்க்கப்பட்ட மீன். குளிர்காலத்தில் மேற்பரப்பு பனிக்கட்டியாக உறையும் குளத்திலும் அடியில் அசையாமல் கிடந்து உயிர் தப்பும் இனம் அது. 18 முதல் 22 பாகை செல்சியஸ் வரை உள்ள தண்ணீர்தான் அதற்குச் சுகம்.

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர். நமுனுகுல உச்சி 2,000 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை பாகை வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. நம்முடைய தேயிலைத் தோட்ட லயங்கள் இந்த இரண்டுக்கும் இடையில்தான் வரிசை வரிசையாக நிற்கின்றன. கொழும்பில் தங்கமீன் வளர்ப்பவர் தொட்டிக்கு மேலே விசிறி பூட்டி, ஐஸ் போத்தல் மிதக்கவிட்டு எட்டிப்பிடிக்கப் பார்க்கும் குளிரை மலை நமக்குச் சும்மா தருகிறது. மூச்சுக்காற்றிலும் நமக்கு ஆதாயம் உண்டு. கடற்கரை ஊரில் 30 பாகைத் தண்ணீர் ஒரு லீட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் பிடித்துவைக்கும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதைக் கழித்த பிறகும், இங்குள்ள 18 பாகைத் தண்ணீரில் 8 மில்லிகிராமுக்கு மேல் நிற்கும்.

அப்படியிருந்தும் இங்கே தங்கமீன் மாதக் கணக்கில்கூட நிற்பதில்லை என்றால், பழியைக் குளிரின் மேல் போட முடியாது. சின்னக் கிண்ணம், அளவு தெரியாத தீனி, "பீலித்தண்ணி சுத்தமானது" என்ற நம்பிக்கை, தோட்டத்து மருந்து: இந்த நாலில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கீழே உள்ளவை இந்த மலைக்காக எழுதியவை. வவுனியாவில் இருப்பவர் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

செய்ய வேண்டியவை

தொட்டியை முதலில் வாங்குங்கள், மீனைப் பிறகு வாங்குங்கள். ஒரே நாளில் இரண்டையும் வாங்கிவந்து, மாலையில் தண்ணீர் நிரப்பி மீனை விடுவதுதான் நம் வழக்கம். பிரச்சினையின் தொடக்கமும் அதுதான். மீன் தன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிங்காக இருக்கும்போதே அது செவுளைப் பொசுக்கிவிடும். அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவு கெடுதி செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்ற இரண்டு வகை நல்ல பக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வளர வேண்டும். சமவெளியில் இதற்கு நாலு முதல் ஆறு வாரம் என்பார்கள். குளிர்ந்த தண்ணீரில் இந்தப் பக்டீரியாக்கள் சோம்பலாகத்தான் பெருகும், ஆகவே நமுனுகுலையில் எட்டு வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தையில் தொடங்கினால் இன்னும் இழுக்கும்.

குறுக்குவழி ஒன்று உண்டு. மீன்கள் நோயில்லாமல் நெடுநாள் இருக்கும் ஒரு தொட்டி பக்கத்து லயத்திலோ பாடசாலையிலோ இருந்தால், அந்த ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் ஈரத்தோடு கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். காசு கொடுத்து வாங்கும் பக்டீரியாப் போத்தலைவிட இதையே நான் நம்புவேன். அதுவும் கிடைக்காதவர்கள் ஒரே ஒரு மீனோடு தொடங்கி, தீனியைப் பாதியாக்கி, முதல் இரண்டு மாதமும் இரண்டு நாளைக்கு ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். பரிசோதனைக் குச்சியோ சொட்டு மருந்தோ கிடைத்தால் அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகும் வரை பார்த்துவிட்டு இரண்டாவது மீனை வாங்கலாம்.

நீளம் பார்த்துத் தொட்டி வாங்குங்கள். உயரம் அழகு, நீளம்தான் உபயோகம். காற்று தண்ணீருக்குள் இறங்குவது மேற்பரப்பு வழியாக. ரெண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டி விளிம்புவரை 56 லீட்டர் பிடிக்கும். மணலும் கல்லும் போனால் நிற்பது 50க்குள். விசிறிவால் போன்ற குட்டை உடம்பு மீன் ஒன்றுக்கு அது போதும், இரண்டுக்கு நெருக்கடி. இரண்டு வேண்டுமென்றால் அதே அகலத்தில் ரெண்டரை அடி நீளமும் ஒன்றேகால் அடி உயரமும் தேடுங்கள். 88 லீட்டர் வரும். தண்ணீர் மட்டுமே 88 கிலோ என்பதையும் மறக்காதீர்கள். லயத்துக் காம்பராவின் சீமெந்துத் தரை எல்லா இடத்திலும் மட்டமாக இருக்காது. தொட்டிக்கு அடியில் ரெஜிபோம் தகடு ஒன்றை விரித்து, நாலு மூலையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்தபின் நிரப்புங்கள். இஸ்தோப்பில் வைக்க ஆசை வரும். காற்றும் வெயிலும் பந்தும் வரும் இடம் அது. உள்ளே, அடுப்புக்குத் தூரமான சுவரோரம் நல்லது. ஆனால் இருட்டு மூலை கூடாது. நாள் முழுக்க வெளிச்சமே படாவிட்டால் தங்கமீனின் நிறம் மெல்ல வெளிறிப் போகும்.

எந்த வகை வாங்குவது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒற்றைவால் கொமட் எந்தக் குளிரையும் தாங்கும், ஆனால் ஒரு அடி வரை வளரும். சின்னத் தொட்டிக்கு ஆகாது. ஒரண்டா, பிளாக் மூர், தலையில் சதை வைத்த லயன்ஹெட் எல்லாம் சின்னவை, மெதுவானவை. ஆனால் குளிர் அதிகமானால் முதலில் வாடுவதும் அவைதான். இடைநடுவே விசிறிவால் நிற்கிறது. நமுனுகுலச் சரிவுக்கு என் ஓட்டு அதற்கே. கொமட்டையும் ஒரண்டாவையும் சேர்த்துப் போடாதீர்கள். தீனி முழுவதும் கொமட்டின் வாய்க்குத்தான் போகும்.

பீலித்தண்ணீரை ஓர் இரவு வீட்டுக்குள் வைத்துப் பிறகு ஊற்றுங்கள். விடியற்காலைப் பீலித்தண்ணீர் தொட்டித் தண்ணீரைவிட நாலைந்து பாகை குளிராக இருக்கும். அதை நேராக ஊற்றினால் மீன் அதிர்ந்துபோகும். வெண்புள்ளி நோய் எட்டிப்பார்ப்பதும் அப்போதுதான். வாளியில் பிடித்துத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தால் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். நகரத்துக் குழாய்த் தண்ணீர் பாவிப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: குளோரின் பறக்க ஒரு நாள் வேண்டும். தோட்டத்துத் தாங்கியில் வழக்கமாகக் குளோரின் இருக்காது என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. வயிற்றோட்டமோ மஞ்சள் காமாலையோ பரவினால் தாங்கியில் குளோரின் போடுவார்கள். மணத்தில் சந்தேகம் வந்தால் அன்றைக்கு மாற்ற வேண்டாம். கடையில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து ஒரு போத்தல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாளியின் வாயை மெல்லிய துணியால் கட்டி மூடுங்கள். திறந்து கிடக்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். தொட்டிக்குள் விழும் புழுவை மீன் தின்றுவிடும், வாளியில் விழுவதை யார் தின்பது? வீடு வீடாகப் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் முதலில் பார்ப்பது வாளியைத்தான்.

வாரம் ஒருமுறை கால்பங்கு மாற்றுங்கள். அடியில் தேங்கிய அழுக்கை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்து, எடுத்த அளவுக்கு ஆறிய தண்ணீரை ஊற்றினால் போதும். ஃபில்டர் பஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள். எடுத்த தண்ணீரை ரோசாச் செடிக்கு ஊற்றலாம். நைட்ரேட் அதற்கு உரம்.

தண்ணீர் மென்மையா கடினமா என்று பாருங்கள். மலை ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. சவர்க்காரம் சட்டென்று நுரைத்து, கழுவக் கழுவ வழுவழுப்பு போகாமல் இருந்தால் அது மென்நீர். குளிக்க நல்லது, தொட்டிக்கு ஒரு குறை. முன்னே சொன்ன பக்டீரியாக்கள் வேலை செய்யச் செய்யத் தண்ணீரில் அமிலம் கூடும். கரைந்த சுண்ணாம்புச் சத்து இருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளும். மென்நீரில் தாங்க ஆளில்லை. சில மாதம் எல்லாம் சரியாகப் போய், திடீரென்று மீன்கள் செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு அடியில் உட்காரும். பக்டீரியாவும் அமிலத்தில் அடங்கிப்போயிருக்கும். இதற்கு மருந்துக் கடை தேவையில்லை. கடற்கரைப் பக்கம் போன உறவினர் யாராவது கொண்டுவந்த சிப்பி, சோகியைக் கொதிநீரில் கழுவி, ஒரு கைப்பிடி ஃபில்டருக்குப் பக்கத்தில் போடுங்கள். தேவைக்கு ஏற்ப மெல்லக் கரையும். பதுளை, வெலிமடைப் பக்கம் சில இடங்களில் சுண்ணக்கல் பாறை இருப்பதால் எல்லா ஊற்றும் ஒரே மாதிரி அல்ல. உங்கள் பீலியில் சவர்க்காரம் நுரைக்கச் சிரமப்பட்டால் சிப்பி வேண்டாம்.

மீனை வீட்டுக்குக் கொண்டுவரும் வழியை முன்கூட்டி யோசியுங்கள். கண்டியிலோ கொழும்பிலோ பையில் கட்டும்போது தண்ணீர் 27, 28 பாகை. பசறை வழியாகப் பஸ் ஏறி, இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து சேரும்போது தொட்டி 17 பாகையில் நிற்கும். பத்துப் பாகை வித்தியாசம் மீனுக்குச் சின்ன விசயம் அல்ல. பையைப் பத்திரிகைத்தாளில் சுற்றி, துணிப்பையின் நடுவில் வைத்துக் கொண்டுவாருங்கள். வந்ததும் கட்டை அவிழ்க்காமல் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பதுளையில் வாங்கியது என்றால் அரை மணி நேரம் போதும், கொழும்பு என்றால் ஒரு மணி நேரமாவது. பிறகு பையைத் திறந்து தொட்டித் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக உள்ளே விட்டு, கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டிக்குள் விடுங்கள். பைத்தண்ணீர் கானுக்குப் போகட்டும்.

ஏற்கனவே மீன் உள்ள வீடு என்றால் புதியதை மூன்று நாலு வாரம் தனி பேசினில் காற்று ஓடவிட்டு வையுங்கள். ஒரு மீனுக்கு ஆசைப்பட்டு எல்லா மீனையும் இழப்பது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

குளிர் கூடினால் தீனியைக் குறையுங்கள். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. நீண்ட குடல் மட்டும். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும். 18 பாகைக்கு மேல் இருக்கும் நாட்களில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. 15 பாகைக்குக் கீழே போனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம். 10ஐத் தொட்டால் ஒன்றும் வேண்டாம். ஒரு கண்ணாடி வெப்பமானி வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் கைக்குள் வந்துவிடும். ஹீட்டருக்குக் கொடுக்க இருந்த காசில் கொஞ்சம் போதும்.

அமிழும் மணித்தீனி நல்லது. மிதக்கும் தீனியை மீன் காற்றோடு சேர்த்து விழுங்கும். போடுமுன் சில நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள், இல்லாவிட்டால் குடலுக்குள் போய் உப்பும். வாரம் ஒரு நாள் அவித்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியோ, வீட்டுத் தோட்டத்துப் பசளிக்கீரையை வெந்நீரில் வாட்டி நறுக்கியதோ கொடுக்கலாம். சந்தையில் வாங்கிய லீக்ஸ், லெட்டிஸ் இலையை மட்டும் யோசித்துக் கொடுங்கள். மலைநாட்டு மரக்கறிக்கு எவ்வளவு மருந்து அடிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாத விசயமா?

கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாலே மீன் வாயைத் திறந்து திறந்து மூடும். பசி அல்ல. தங்கமீனுக்கு மூன்று நொடி ஞாபகம் என்று சொல்வது பொய். தீனி போடும் ஆளையும் நேரத்தையும் அது நன்றாக அறியும். வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரிடமும் தனித்தனியாக வாங்கித் தின்னும். ஆகவே தீனி டப்பா ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

கரண்ட் போகும் நாளுக்கு ஆயத்தமாக இருங்கள். காற்றடித்தால் மரம் கம்பியில் விழும், கரண்ட் போகும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது மீன் வளர்த்தவர்கள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டார்கள். குளிர்ந்த தண்ணீர், குறைந்த மீன் உள்ள தொட்டி பல மணி நேரம் தாங்கும். அன்றைக்குத் தீனி போடாதீர்கள். ஒரு கோப்பையால் தண்ணீரை மொண்டு அரை அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். மணிக்கு ஒருமுறை சில நிமிடம் செய்தால் போதும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. நெடுநேரம் நின்ற மூடிய ஃபில்டரை, கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாமல், உள்ளே நின்று நாறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே போடுங்கள். சாதாரணக் காற்றுப் பஞ்சு ஃபில்டரில் இந்தத் தொல்லை குறைவு. விலையும் குறைவு.

வயரைப் பற்றியும் ஒரு சொல்: ப்ளக் பொயிண்டுக்குப் போகுமுன் வயர் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கையை உள்ளே விடுமுன் சுவிட்சை நிறுத்துங்கள்.

வரட்சிக்கு ஒரு வாளி சேமியுங்கள். ஆனி தொடங்கிப் புரட்டாதி வரை கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறும் அதே மாதங்களில் பீலி நூலாக மெலியும். மனிதருக்கே வரிசையில் தண்ணீர் என்றால் மீனுக்கு வாரம் பதினைந்து லீட்டர் எடுப்பது கூச்சமான விசயம்தான். அந்த மாதங்களில் தீனியைப் பாதியாக்கினால் அழுக்கும் பாதியாகும்; பத்து நாளைக்கு ஒருமுறை மாற்றினாலும் சமாளிக்கும். புதிய மீன் வாங்க அது காலம் அல்ல.

காலையில் தீனிக்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். மேலே வந்து வாயால் காற்றை விழுங்கினால், ஒட்சிசன் குறைவு அல்லது அமோனியா: உடனே கால்பங்கு தண்ணீர் மாற்றம். செட்டையில் சிவப்புக் கோடு: அழுக்குத் தண்ணீர். தலைகீழாக மிதந்தால் பெரும்பாலும் தீனி மிஞ்சியது. இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள், பிறகு பட்டாணி. உடம்பெங்கும் உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி, கல்லில் உரசும் பழக்கம் என்றால் வெண்புள்ளி நோய். செவுள் மூடியிலும் முன்செட்டை ஓரத்திலும் மட்டும் ஒழுங்காகச் சில புள்ளிகள் என்றால் பயப்பட வேண்டாம், அது பருவம் வந்த ஆண் மீன்.

வெண்புள்ளிக்குக் கல்லுப்பு. லீட்டருக்கு ஒரு கிராம் வீதம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை, மொத்தம் மூன்று கிராம். 50 லீட்டர் தொட்டிக்கு 150 கிராம். வேறு பாத்திரத்தில் கரைத்து ஊற்றுங்கள், கல்லாகப் போடாதீர்கள். தொட்டியில் செடி இருந்தால் எடுத்துவிடுங்கள். இங்கேதான் மலைக்கணக்கு மாறுகிறது: அந்தக் கிருமி 25 பாகையில் ஒரு வாரத்துக்குள் தன் சுற்றை முடித்துவிடும், 15 பாகையில் அதற்கு இன்னும் கூடுதல் நாள் எடுக்கும். புள்ளி மறைந்ததும் நிறுத்தினால் திரும்ப வரும். மூன்று வாரமாவது உப்பை விட்டுவையுங்கள். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு உப்பும் சேர்க்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

உருண்டைக் கிண்ணம் வேண்டாம். மேசைக்கு அழகு, மீனுக்குச் சிறை. மேலே ஒடுங்கும் கண்ணாடி காற்றுப்பரப்பைக் குறைக்கிறது; ஃபில்டர் வைக்க இடமில்லை. இத்தாலியில் மொன்சா நகரசபை 2004இலும், ரோம் 2005இலும் இந்தக் கிண்ணங்களைத் தடைசெய்தன. இங்கிலாந்தில் 1956இல் ஒரு கண்காட்சியில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை, 43 வருடம் இருந்தது. நம்மிடம் ஆறு மாதம் நின்றால் "நல்லா நின்னுச்சு" என்கிறோம்.

முழுத் தண்ணீரையும் மாற்றி, தொட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேலையாகப் பல வீடுகளில் நடக்கிறது. பக்டீரியா முழுவதும் கானோடு போகும், அமோனியா முதலிலிருந்து ஏறும், மீன் செவ்வாய், புதன் வரை தாக்குப்பிடிக்கும். கழுவிய சுத்தம் கண்ணுக்குத்தான்.

தோட்டத்து வேலைக்குப் பயன்பட்ட எதையும் தொட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள். இந்த ஒன்றை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் விழுந்தால் செம்பு கலந்த மருந்து அடிக்கிறார்கள். செம்பு மீனுக்கு நஞ்சு. அதுவும் நம் மென்நீரில் அதன் கடுமை கூடும், ஏனென்றால் அதை மட்டுப்படுத்தும் சுண்ணாம்புச் சத்து இல்லை. புல்லு மருந்தும் அப்படியே. அவற்றில் ஒன்றான கிளைபோசேட்டை 2015இல் தடைசெய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டார்கள், 2022இல் தடையையே எடுத்தார்கள். இலையில் ஒட்டுவதற்காக அதோடு சேர்க்கும் சவர்க்காரம் போன்ற பொருள் கிளைபோசேட்டைவிட மீனின் செவுளுக்குக் கெடுதி. மருந்து கலக்கிய வாளியை எத்தனை தரம் கழுவினாலும் அது மீன் வாளி ஆகாது. மருந்தடித்துவிட்டு வந்தவர் குளித்து உடுப்பு மாற்றாமல் தீனி போடக் கூடாது. பீலிக்கு மேலே உள்ள மலையில் மருந்தடித்தார்கள் என்று கேள்விப்பட்டால், ஒரு நல்ல மழை பெய்து ஓடித் தெளியும் வரை முன்பே பிடித்து வைத்த தண்ணீரோடு சமாளியுங்கள். உண்மையில் அந்தப் பீலித்தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது பற்றியும் அப்போது யோசிக்க வேண்டும்.

பெரிய மழைக்குப் பின் வரும் செம்மண் கலங்கலும் அப்படியே. தெளியவைத்து மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள்.

தொட்டி உள்ள அறையில் நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள். அதில் இருக்கும் பைரித்திரொயிட் வகை மருந்து மனிதருக்குப் பெரிய கெடுதி செய்யாத அளவிலேயே மீனைக் கொல்லும். காற்றுப் பம்பு அறையில் உள்ள புகையை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் ஊதுகிறது. டெங்குப் புகை அடிக்க வந்தால் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, புகை அடங்கியபின் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பம்பைப் போடுங்கள்.

பாண், பிஸ்கட், சோறு, ரொட்டித்துண்டு போடாதீர்கள். தண்ணீரில் கரைந்து பால்போல் கலங்கும், குடலில் ஊதும். கானில் அள்ளிய செம்புழுவும் வேண்டாம், நோயோடு வரும்.

பட்டாணி அளவுக் கூழாங்கல் போடாதீர்கள். தங்கமீன் அடியைக் கிளறி, கல்லை வாயில் போட்டுத் துப்பும் பழக்கமுள்ளது. அந்த அளவுக் கல் தொண்டையில் சிக்கும். மெல்லிய மணல், அல்லது அதன் வாய்க்கு அடங்காத பெரிய கல். ஓயாவில் எடுத்த வெள்ளைக் கல்லில் தேசிக்காய்ச் சாறு விட்டுப் பாருங்கள்: நுரைத்தால் சுண்ணக்கல், சிப்பியைப் போலவே மெல்லக் கரையும்; இல்லாவிட்டால் பெரும்பாலும் படிகக்கல். பவளக்கல் விற்றால் வாங்க வேண்டாம். கடற்கரையில் பவளம் தோண்டுவது இந்நாட்டில் சட்டத்துக்கு விரோதம்.

"டாங்கி கிளீனர்" மீனைச் சேர்க்காதீர்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிறார்கள். அது வெப்பநாட்டு மீன். இந்தக் குளிரில் வாடும். வாடாமல் வளர்ந்தால் இன்னும் மோசம், அடி கணக்கில் வளர்ந்து இரவில் தங்கமீனின் உடம்புச் சளியை உறிஞ்சும். அதன் கழிவும் தங்கமீன் கழிவுக்குக் குறைந்தது அல்ல. பாசி பிடித்தால் பழைய பிளாஸ்டிக் அட்டையால் நீங்களே சுரண்டுங்கள்.

இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து ஊற்றாதீர்கள். நோய் எது என்று தெரியாத நேரத்தில் சுத்தமான தண்ணீர்தான் முதல் மருந்து. நீல மருந்து, பச்சை மருந்து இரண்டும் பக்டீரியாவையும் அடிக்கும். கொடுக்க வேண்டி வந்தால் நோயுள்ள மீனைத் தனி வாளியில் வைத்துக் கொடுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கை வந்தால் தொட்டிக்காகத் தாமதிக்காதீர்கள், திரும்பியும் போகாதீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனது இந்த மாவட்டத்தில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டால் வெளியேறுவது ஒன்றே வேலை. சுவிட்சை அணையுங்கள், மூடியைப் போடுங்கள், போங்கள். தீனி இல்லாமல் ஒரு வாரம், குளிரில் இரண்டு வாரமும் தங்கமீன் இருக்கும். இடம்பெயர்ந்து பாடசாலையில் தங்கியிருக்கும் நாட்களில் "மீனுக்குச் சாப்பாடு போட்டுட்டு ஓடி வாறேன்" என்று பிள்ளைகள் கிளம்பாமல் இருக்க, இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

வேண்டாத மீனை ஓயாவில் விடாதீர்கள். பாவம் பார்த்து விடுகிறார்கள். நம் சரிவின் பதுளைப் பக்கத் தண்ணீர் பதுளு ஓயாவில் இறங்கி, துன்ஹிந்தையில் விழுந்து, மகாவலியில் போய்ச் சேர்கிறது. அந்த வழியில் இந்நாட்டுக்கே உரிய சின்ன மீன்கள் இருக்கின்றன. தங்கமீன் அடியைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், முட்டைகளைத் தின்னும், வெளிநோயைக் கொண்டுபோகும். தொட்டியில் இருந்து விட்ட "டாங்கி கிளீனர்" சமவெளிக் குளங்களில் பெருகி மீனவர் வலையைக் கிழிப்பது ஏற்கனவே நடக்கும் கதை. வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையில் கேளுங்கள். பணம் திரும்ப வராது, மீனை எடுத்துக்கொள்வார்கள். பாடசாலையில் தொட்டி இருந்தால் ஆசிரியரிடம் முதலில் கேட்டுவிட்டு, வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்ற ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.